மூக்கக்கா சொன்னால் மணக்கும்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. புல்வெளிக்காரர்கள் சங்கத்தில் அவள் மூக்கக்கா. தம்பி பிள்ளைகளுக்கு மூக்கத்தை. லாரிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது வெறும் மூக்கு. நேரில் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்: சப்பையான, சாதாரண மூக்கு. ஆனால் அந்த மலைச்சரிவில் விளையும் உலர்புல் அத்தனையும் அந்த மூக்குக்கு முன்னால் நின்றுவிட்டுத்தான் விலைக்குப் போகும்.

சரிவு முழுக்கப் புல்வெளி. மேலே பாறை, கீழே கடைவீதி, நடுவில் புல். வேறு எதை விதைத்தாலும் விளையாத உயரம். வெயில் காலத்தில் புல்லை அறுத்து, காயவைத்து, கட்டி அடுக்கினால்தான் பனிக்காலத்தில் மாடு பிழைக்கும். மீதியை விற்றால்தான் மனிதர்கள் பிழைப்பார்கள். எந்த வெளியை எப்போது அறுப்பது, அறுத்தது தேறுமா தேறாதா என்று சொல்வது மூக்கக்காவின் உத்தியோகம்.

புல் கதிர்விடத் தொடங்கும் வாரத்தில் அவள் வெளி வெளியாக ஏறி இறங்குவாள். ஒரு பிடி புல்லைப் பறித்து உள்ளங்கையில் வைத்து இறுக்கி மூடுவாள். மெத்தென்று இருந்தால் இலை அதிகம், சத்து அதிகம், உடனே அறுக்கலாம். குத்தினால் தண்டு முற்றிவிட்டது என்று அர்த்தம். அப்போது அறுத்தால் கட்டு நிறைய வரும், ஆனால் மாடு எவ்வளவு தின்றாலும் பாலில் காட்டாது. புல்வெளிக்காரர்களுக்கு எப்போதும் இன்னும் ஒரு வாரம் பொறுக்க ஆசை.

"இன்னும் கொஞ்சம் வளரட்டுமேக்கா."

"வளரட்டும். அப்புறம் அத மாட்டுக்குப் போடாத. துடைப்பம் கட்டி வித்துடு."

அறுப்பு முடிந்து கட்டுகள் கிடங்குக்கு வந்ததும்தான் மூக்குக்கு வேலை. ஒரு முழ நீளத்துக்கு இரும்புத் துளைக்குழாய் வைத்திருந்தாள். கட்டின் நடுவயிற்றில் அதைத் திருகி இறக்கி, உள்ளே இருக்கும் புல்லை ஒரு பிடி வெளியே எடுத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு முகர்வாள். சரியாகக் காயாமல் கட்டிய புல் உள்ளுக்குள் சூடேறிப் புழுங்கும், பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை கண்ணுக்குத் தெரிய நாளாகும். மூக்குக்கு உடனே தெரியும். முகர்ந்தபின் அவள் சொல்வது மூன்றில் ஒன்று. "மணக்குது" என்றால் முதல் தரம், கட்டின் கயிற்றில் பச்சைச் சாயம். "சும்மா இருக்கு" என்றால் இரண்டாம் தரம், மஞ்சள். "வேணாம்" என்றால் வேண்டாம்தான். அது உரக்குழிக்குப் போகும்.

நகரத்து ஆய்வகத்துக்கும் மாதிரி போகும். எல்லோருடைய புல்லிலும் ஒரு பிடி எடுத்துக் கலந்து சங்கத்துச் செயலாளர் அனுப்பிவைப்பார். அங்கிருந்து பதில் வரும்போது புல் மாட்டின் வயிற்றுக்குள் இருக்கும். அதனால் மலைக்கு அந்தப் பக்கத்து வியாபாரிகள் ஆய்வகத்தைக் கேட்பதில்லை. "மூக்கம்மா என்ன சொன்னாங்க?" என்றுதான் கேட்பார்கள்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதை வைத்து லாரிக்காரர் ஒருவர் வருஷம் தவறாமல் ஒரே கிண்டலை அடிப்பார். "ஊர்ப் புல்லுக்கெல்லாம் மணம் நடத்தி வெச்சாச்சு. நம்ம அக்காவுக்கு எப்போ?"

அவளும் வருஷம் தவறாமல் ஒரே பதிலைச் சொல்வாள். "எனக்கு ஏத்த மாடு இன்னும் பொறக்கல. நீ வேணா வரிசையில நில்லு."

குடியிருந்தது தம்பி வீட்டில், பின்பக்கத்து அறையில். கட்டில், அலமாரி, மேல்வெளியைப் பார்த்த ஜன்னல். வீட்டில் நல்ல வெளிச்சமுள்ள அறை அது ஒன்றுதான். தம்பியின் மூத்த பெண்ணுக்கு வயது ஏற ஏற, தம்பி மனைவியின் கண் அந்த ஜன்னல்மேல் விழத் தொடங்கியிருந்தது. வாய்விட்டு யாரும் கேட்கவில்லை. வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் நாத்தனாருக்கு அறை உண்டு. வேலை இல்லாத நாத்தனாருக்கு அடுப்படியில் ஒரு மூலை உண்டு. இரண்டுக்கும் நடுவில் நிற்பது தன் மூக்கு மட்டும்தான் என்று மூக்கக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு பனிக்காலத்தில் அந்த மூக்கு போயிற்று.

சாதாரண ஜலதோஷமாகத்தான் வந்தது. காய்ச்சல், கஷாயம், ஒரு வாரப் படுக்கை. எழுந்த பிறகு ஒரு காலையில் அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து குளிர் காய்ந்துகொண்டிருந்தாள். தம்பி மனைவி கொல்லைப்புறத்திலிருந்து கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏன் அண்ணி, பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க! பால் இப்படித் தீயுது, தெரு முழுக்க நாறுது, தெரியல?"

பாத்திரத்தின் அடி கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. "ஏதோ யோசனையில இருந்துட்டேன்" என்றாள் மூக்கக்கா. அதற்குப் பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். சோப்பு. தலைக்கு வைக்கும் எண்ணெய். நசுக்கிய வெங்காயம். விளக்கின் மண்ணெண்ணெய். கண்ணில் தண்ணீர் வந்தது, வாசம் வரவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் போய்ச் சாணத்துக்கு முன்னால் குனிந்து நின்றாள். தண்ணீரை முகர்வதுபோல் இருந்தது. கடைவீதி டாக்டர், "சில பேருக்குத் திரும்பி வரும், பொறுத்துப் பாருங்க" என்றார். பனி உருகியது, புல் முளைத்தது. மூக்கு திரும்பவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை.

வெளியில் நடக்கும் வேலைக்குக் கஷ்டமில்லை. கண்ணும் உள்ளங்கையும் போதும். எந்த வெளியில் இலைச்செடி குறைந்து களை ஏறுகிறது, எங்கே அந்த மஞ்சள் பூச்செடி வந்திருக்கிறது (காயாமல் தின்றால் மாட்டின் வாய் வெந்துபோகும் செடி அது), எல்லாம் முன்போலவே சரியாகச் சொன்னாள். சிக்கல் கிடங்கில்தான். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். குழாயில் எடுத்த புல்லைத் தான் முகர்வதற்கு முன்னால், புல்லுக்குச் சொந்தக்காரரிடம் நீட்டினாள்.

"நீயே மோந்து பாத்துச் சொல்லு. எத்தன நாளைக்கு நானே சொல்றது? நீங்களும் கத்துக்க வேணாமா?"

அவர்கள் முகர்வார்கள். அவள் அவர்கள் முகத்தைப் பார்ப்பாள்.

முகம் பொய் சொல்லத் தெரியாத ஒன்று என்பதை அந்தப் பருவத்தில் அவள் கண்டுகொண்டாள். கொல்லர் ஒருவர் கெட்ட புல்லை முகர்ந்ததும் மேலுதட்டைக் கடிப்பார். தையற்கடைக்காரியின் மூக்கு நுனி முயல்போலத் துடிக்கும். பேரம் பேசுவதில் புலி என்று பெயரெடுத்த கிழவர், "பிரமாதம்!" என்று வாயால் சொல்லும்போதே தலையை ஒரு விரற்கடை பின்னுக்கு இழுத்துக்கொள்வார். "பிரமாதம்னா ஏன் பின்னாடி போறீங்க?" என்று கேட்டு மஞ்சள் பூசினாள். கிடங்கே சிரித்தது. அதன் பிறகு தானும் ஒருமுறை பேருக்கு முகர்ந்து, கண்ணை மூடி, தீர்ப்புச் சொல்வாள். முகம் சந்தேகமாக இருந்தால் மறுபடி குழாயை இறக்கி, இன்னொருவரிடம் நீட்டுவாள். ஒரு தப்பும் நடக்கவில்லை. இப்படியே ஓட்டிவிடலாம் என்று அவளுக்குத் தைரியம் வந்தது.

தம்பியின் புல் கடைசியாக வந்தது. அவன் வெளி மேலே, பாறையடியில். அங்கே அறுத்துப் போட்ட மறுநாளே மழை பிடித்தது. விட்டுவிட்டுப் பெய்தது. புரட்டிப்போட்டுக் காயவைக்க வேண்டிய புல்லை அவன் வெயில் காட்டிய ஒரு மத்தியானத்தில் அவசரமாகக் கட்டிவிட்டான். இது அவளுக்குத் தெரியாது. அந்த நாட்களில் அவள் கிடங்கை விட்டு நகரவில்லை.

மூடுபனி இறங்கிய காலை. கிடங்கில் எதைத் தொட்டாலும் ஈரமாகத்தான் இருந்தது: தூண், கயிறு, சட்டைக்கை. அதனால் கை சொன்னதை அவள் நம்பவில்லை. குழாயை இறக்கினாள், புல்லை எடுத்தாள், தம்பியிடம் நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கி, அவளைப்போலவே பொத்திப்பிடித்து, மூச்சை நன்றாக இழுத்தான். முகம் மலர்ந்தது. சின்ன வயதில் புதுச்சட்டையை முகர்ந்து பார்ப்பானே, அதே முகம்.

"என்னக்கா, மணக்குதுல்ல?"

மற்றவர்களிடம் அவள் சந்தேகத்தைத் தேடுவாள். தம்பி முகத்தில் தேடத் தோன்றவில்லை. "மணக்குது" என்றாள். பச்சைச் சாயம்.

அந்தக் கட்டுகளை வாங்கியது பால்காரம்மா. கீழே கடைவீதிக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஆறு மாடு வைத்திருந்தவள். புருஷன் இல்லை. வீடு வீடாகப் பால் ஊற்றி மகனைத் தொழிற்பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். சினைமாடுகளுக்கு எப்போதும் பச்சைச் சாயக் கட்டுதான் வாங்குவாள். இரண்டாம் தரத்தை நீட்டினால், "நானே ரெண்டாந்தரம் தின்னுக்கறேன், பிள்ளத்தாச்சிக்கு வேணாம்" என்பாள்.

பனி கொட்டிய ஒரு நாள் காலை அவள் சங்கத்து முற்றத்துக்கு வந்தாள். சம்பள நாள், கூட்டமாக இருந்தது. செயலாளர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். தம்பியும் இருந்தான். பால்காரம்மா சண்டைக்கு வரவில்லை. கையில் ஒரு துணிமுடிச்சு. நேராக மூக்கக்காவிடம் போனாள்.

"ரெண்டுக்குக் கன்னு கலைஞ்சிடுச்சுக்கா. நேத்து ஒண்ணு படுத்தது, எந்திரிக்கவே இல்ல. டாக்டரு தீவனத்தப் பாருங்கறாரு. நீங்க பாத்துக் குடுத்த புல்லாச்சே, அதுல ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னேன். இருந்தாலும் ஒரே ஒரு தடவ மோந்து பாத்துச் சொல்லுங்க. எனக்கு மனசு ஆறும்."

முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்க்கும்போதே பக்கத்தில் நின்ற கொல்லர் மேலுதட்டைக் கடித்தார். தையற்கடைக்காரியின் மூக்கு நுனி துடித்தது. மூக்கக்கா அந்த இரண்டு முகத்தையும் பார்த்தாள். பிறகு புல்லைக் கையில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். வழக்கம்போல ஒன்றுமில்லை.

"கெட்டுப்போயிருக்கு" என்றாள்.

செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "மணக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் தம்பியின் குரல் வந்தது.

"எடுக்கும்போது மணந்துது. நானே மோந்து பாத்தேனே! அங்க போயி நனைஞ்சிருக்கு. தகரக் கொட்டாய், ஓட்ட இருக்கும். புல்லு என்ன பண்ணும்?"

கூட்டம் தலையாட்டியது. தகரம் என்றால் ஓட்டை இருக்கும், எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. பால்காரம்மா மூக்கக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்கக்கா புல்லைத் திரும்பத் துணியில் வைத்து, முடிச்சைப் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கேட்டாள். "உனக்குத் தெரிஞ்சுதானே நீட்டின?"

"நான் எங்க நீட்டினேன்? நீதானே நீட்டின!" அவன் செருப்பைக் கழற்றியபடியே சொன்னான். "நீ புல்லயா பாக்குற? மூஞ்சியப் பாக்குற. நான் மூஞ்சிய வெச்சுக்கிட்டேன். அவ்வளவுதான் நான் பண்ணுனது."

"எனக்கு வாசம் தெரியலன்னு எப்போ தெரிஞ்சுது?"

அடுப்படியிலிருந்து தம்பி மனைவி பதில் சொன்னாள். "அன்னைக்கே சந்தேகம் அண்ணி. அப்புறம் ரெண்டு தடவ வேணும்னே பாலத் தீய விட்டுப் பாத்தேன். பக்கத்துலயே உக்காந்து கீரை ஆய்ஞ்சீங்க." குரலில் கோபமில்லை. விலை விசாரித்து வந்தவள் பேசுவதுபோல் இருந்தது.

"போயி சொல்லேன்" என்றான் தம்பி. "என் பேரு போகும், உன் வேல போகும், ரெண்டும் ஒரே நாள்ல. எனக்குப் புல்வெளி மிஞ்சும். உனக்கு?"

பின்பக்கத்து அறையில் மூத்த பெண் ஜன்னலில் உட்கார்ந்து தலைவாரிக்கொண்டிருந்தாள். அத்தை வந்ததும் எழுந்துகொண்டாள். முன்பெல்லாம் ஓடிப்போவாள். இப்போது மெதுவாக எழுந்துபோனாள்.

ஆனாலும் மறுநாள் செயலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"மூக்கக்கா, இந்த வருஷத்துப் புல்லு அத்தனையும் உங்க வாயாலதான் மலைக்கு அந்தப் பக்கம் போயிருக்கு. இப்போ மூக்கே இல்லன்னா வியாபாரி எல்லாத்தையும் திருப்பி அனுப்புவான். இங்க எத்தன வீட்டுல அடுப்பு எரியாது தெரியுமா? ஒரு தகரக் கொட்டாய்க்காக?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம். உடம்புதானே, சரியாகிடும்."

மிச்சமிருந்தது பால்காரம்மா. அவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று பனியில் சறுக்கிச் சறுக்கிக் கீழே போனாள். கொட்டகையில் ஆறுக்கு மூன்று மாடுதான் நின்றது; கன்று கலைந்த இரண்டையும் அதற்குள் வந்த விலைக்குத் தள்ளியிருந்தாள். தரை உலர்ந்திருந்தது. மூக்கக்கா தன்னையறியாமல் அண்ணாந்து பார்த்தாள். தகரம் புதியது, ஆணியடித்த இடத்திலெல்லாம் தார் வைத்திருந்தது. ஒரு பொட்டு வெளிச்சம்கூட உள்ளே வரவில்லை.

பால்காரம்மா பால்செம்பைக் கழுவுவதை நிறுத்தவில்லை. "என்னக்கா, கூர ஒழுகுதான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்களா?"

"ஆமா" என்றாள் மூக்கக்கா.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிறகு எத்தனை யோசித்தும் அவளுக்கு விளங்கவில்லை. கேள்வி அப்படி வந்தது, பதில் அப்படிப் போய்விட்டது. திரும்பி நடந்தாள்.

அந்த வசந்தத்தில் பால்காரம்மா மிச்ச மாடுகளையும் விற்றாள். மகன் படிப்பை விட்டு எங்கோ வேலைக்குப் போனான். அறுப்புக்காலம் வந்தபோது சங்கத்துக் கிடங்கில் கட்டு சுமக்கும் ஆட்களில் அவளும் இருந்தாள். முதுகில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, கிடங்குக்கும் லாரிக்கும் நடந்துகொண்டிருந்தாள். மூக்கக்காவைப் பார்த்தால் வணக்கம் சொல்வாள். வேறு பேச்சில்லை.

மூக்கு அப்போதும் திரும்பியிருக்கவில்லை. முகங்களும் முன்போல இல்லை. கொல்லர் உதட்டைக் கடிப்பதை நிறுத்தியிருந்தார். தையற்கடைக்காரி கைக்குட்டையால் மூக்கைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டு, "ஆஹா" என்றாள். யார் சொல்லித் தெரிந்ததோ, யாரும் சொல்லாமலே தெரிந்ததோ. நீட்டிய பிடியை எல்லோரும் ஒரே மலர்ச்சியோடு முகர்ந்தார்கள். அந்த வருஷம் கயிறெல்லாம் பச்சையாக இருந்தது.

தம்பியின் கட்டுகள் வந்த அன்று லாரி நின்றுகொண்டிருந்தது. செயலாளர் சாயக் கிண்ணத்தோடு காத்திருந்தார். அவள் குழாயை இறக்கி ஒரு பிடி எடுத்தாள். தம்பி கையை நீட்டினான், முகத்தைத் தயாராக வைத்திருந்தான். அவள் அவனைத் தாண்டிப் போனாள். அடுத்த சுமைக்காகக் குனிந்து நின்ற பால்காரம்மாவிடம் நீட்டினாள்.

"நீ மோந்து பாரு."

பால்காரம்மா நிமிர்ந்தாள். கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் புல்லை வாங்கி, நிதானமாக முகர்ந்தாள். மூக்கக்கா அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தாள். உதடு, மூக்கு நுனி, புருவம், கண். எதிலும் ஒன்றுமில்லை. சாத்திய கதவு.

"நீங்க சொல்லுங்கக்கா" என்று புல்லைத் திருப்பிக் கொடுத்தாள். "நீங்க சொன்னாத்தானே மணக்கும்."

மூக்கக்கா கையிலிருந்த புல்லைப் பார்த்தாள். நல்ல புல்லாகவும் இருக்கலாம். அந்த வருஷம் மேல்வெளியில் வெயில் நன்றாகத்தான் அடித்தது.

"எனக்குத் தெரியல" என்றாள். யாருக்கும் காதில் விழாததுபோல் இருக்கவே, சத்தமாகச் சொன்னாள். "எனக்கு வாசமே தெரியாது. போன வருஷமும் தெரியாது. இந்த வருஷம் பச்சை அடிச்ச ஒண்ணயும் நான் மோந்து பாக்கல. எனக்கு மூக்கே இல்ல."

முதலில் சிரித்தது செயலாளர். அடுத்தது தம்பி. பிறகு கொல்லர், தையற்கடைக்காரி, கிழவர், லாரி மேலிருந்தவர்கள். "மூக்கக்காவுக்கு மூக்கே இல்லயாம்டா!" என்று லாரிக்காரர் தொடையில் தட்டினார். "அப்போ மூஞ்சியில இருக்கிறது என்ன, கொழுக்கட்டையா?" சிரிப்பு கிடங்கின் தகரத்தில் மோதித் திரும்பியது. சிரிக்கச் சிரிக்க அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

செயலாளர் தூரிகையைச் சாயத்தில் தோய்த்தார். "அக்கா இன்னைக்கு நல்ல குஷியில இருக்காங்க. சரி சரி, லாரி நிக்குது." தம்பியின் கட்டுகளில் வரிசையாகப் பச்சை விழுந்தது.

சிரிக்காதவள் ஒருத்திதான். பால்காரம்மா முதுகுச் சாக்கைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள். இரண்டு பேர் கட்டைத் தூக்கி அவள்மேல் வைத்தார்கள். மூக்கக்கா பின்னாலேயே இரண்டடி போனாள்.

"ஏம்மா, நான் சொன்னது நெசம்."

"தெரியும்" என்றாள் பால்காரம்மா, சுமையோடு திரும்பாமலே. "அன்னைக்குச் சங்கத்து முத்தத்துல சொல்லியிருந்தா நட்டத்துக்குக் காசு வந்திருக்கும், மிச்ச மூணு மாடு எங்கிட்ட இருந்திருக்கும்."

லாரியை நோக்கி நடந்தாள். சாயம் இன்னும் காயவில்லை. நடக்க நடக்க அவள் தோளில் பச்சை ஒட்டிக்கொண்டே போயிற்று. அடுத்த கட்டு காத்திருந்தது. மூக்கக்கா குழாயை எடுத்துக்கொண்டு அதனிடம் போனாள்.